தொழிலும் வாழ்வும்: வெல்டர் வேலைக்கு முதல் பயோடேட்டா

நம் பாட்டனார்கள் ஆமதாபாத்திற்குப் பஞ்சாலை வேலை தேடி வந்த நாளில், ஊர்க்காரர் ஒருவர் மேஸ்திரியிடம் அழைத்துச் சென்று 'நம் பையன்' என்று சொல்வதே பெரும்பாலும் போதுமான சிபாரிசாயிருந்தது. 1980களிலும் அதன் பின்னரும் ஆலைகள் பல மூடப்பட்டன. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று வட்வா, ஓடவ், நரோடா தொழிற்பேட்டைகளின் வாயிலில் நிற்கின்றனர். அங்கே 'பயோடேட்டா இருக்கிறதா?' என்பதே முதற் கேள்வி. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் பயிற்சி முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக, அத்தாளை எவ்வாறு எழுதுவது என்பதை இத்திங்கள் கூற விழைகின்றேன்.

பிள்ளைகள் பலர் செய்வது யாதெனில், செராக்ஸ் கடையில் ஆயத்தமாக உள்ள ஒரு படிவத்தை எடுத்துப் பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றிக் கொள்வதாகும். 'கடின உழைப்பாளி, சவால்களை விரும்புபவன்' என்னும் வரிகள் அதில் முன்னரே அச்சாகியிருக்கும். போர்மன் இவ்வரிகளைப் படிப்பதே இல்லை. அவை பயனற்றவை, எனினும் தீங்கற்றவை. தீங்கு வேறிடத்தில் உள்ளது. முன்னர் யாரோ ஒரு தேர்ந்த வெல்டர் எழுதி வைத்த '6ஜி தெரியும்' என்ற வரியும் சில வேளை அப்படியே தங்கிவிடுகிறது. 6ஜி என்பது குழாயை 45 பாகை சாய்வில் அசையாது நிறுத்தி, அதனைச் சுற்றிலும் பற்றவைப்பது. கை நன்கு தேர்ந்தவர்க்கே அது கைவரும்.

எழுத்தர் வேலைக்கு எழுதும் மிகைச்சொல் சில மாதம் மறைந்திருக்கலாம். வெல்டர் எழுதும் மிகைச்சொல் ஒரு மணி நேரம் நில்லாது. தகட்டையும் ராடையும் கையில் கொடுத்து, 'பற்றவை' என்பர். கசடைத் தட்டியதும் கண்ணுக்கே பாதி தெரிந்துவிடும். தகட்டை வளைத்துப் பார்த்தால் மீதியும் தெரிந்துவிடும். பிள்ளை தலைகுனிவதோடு போவதில்லை. அவனை அழைத்துச் சென்ற நம்மவரின் சொல்லும் அன்றே மதிப்பிழக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அவ்வாயில் திறப்பது அரிதாகிவிடும்.

ஆதலின் கை அறிந்ததை மட்டும் எழுதுக; ஆனால் அதனை நுணுக்கமாக எழுதுக. 'வெல்டிங் தெரியும்' என்பது போதாது. எந்த முறை, எந்த உலோகம், என்ன கனம், எந்த நிலை என்னும் நான்கும் வேண்டும். 'ஆர்க் வெல்டிங், எம்.எஸ். தகடு, 10 மி.மீ. கனம், 1ஜி, 2ஜி நிலைகள், 3.15 மி.மீ. 6013 ராடு' என்று ஒரு வரி எழுதினால் போர்மனுக்குப் பிள்ளையின் கை எவ்வளவு என்பது விளங்கிவிடும். 1ஜி தட்டையாக வைப்பது, 2ஜி கிடைமட்ட இணைப்பு, 3ஜி செங்குத்து, 4ஜி தலைக்கு மேல். 3ஜி பயிற்சியில் இருந்தால் 'பழகி வருகிறேன்' என்றே எழுதலாம். மிக், டிக் முறைகளைப் பயிற்சியில் பார்த்தது மட்டுமே என்றால், செய்ததாக எழுத வேண்டா.

அனுபவம் இல்லையே என்று கலங்கும் பிள்ளையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும். மாமாவின் கிரில் பட்டறையில் விடுமுறை தோறும் கிரைண்டிங் செய்ததும், பிட்டருக்கு உதவியாய்த் தகடுகளைப் பொருத்திப் பிடித்ததும், டேக் வைத்ததும் அனுபவமே. சான்றிதழ் இல்லாவிடினும் பட்டறை இருக்கும் இடம், எத்தனை மாதம், செய்த பணி ஆகியவற்றை எழுதலாம். ஆனால் 'ஹெல்பர்' என்று எழுதுவதே முறை, அதில் இழுக்கில்லை.

இனி, நம்மவர்க்கே உரிய ஓர் இடர்ப்பாடு பெயர். கந்தசாமி மகன் முருகேசன் நம் வழக்கில் கே. முருகேசன். குஜராத்துப் பள்ளிப் பதிவேட்டிலோ குடும்பப் பெயர், தன் பெயர், தந்தை பெயர் என்பதே வரிசை. குடும்பப் பெயர் இல்லாத நாம் அவ்விடத்தில் ஒருவர் தந்தை பெயரையும், மற்றொருவர் சாதிப் பட்டத்தையும், பிறிதொருவர் ஊரையும் இட்டு நிரப்பினோம். ஆதாரில் வேறு விதம். வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம். வேலை கிடைத்து வருங்கால வைப்பு நிதிக் கணக்குத் தொடங்கும்போது இம்முரண் தலைதூக்கும். பணம் எடுக்கும் நாளில் அது பெருந்தொல்லையாகும். பள்ளிச் சான்றிதழில் உள்ள எழுத்துக் கூட்டலையே தாளின் தலைப்பிலும் எழுதுக. மற்ற ஆவணங்களை இப்போதே அதற்கு ஒத்ததாகத் திருத்திக் கொள்க.

தாள் ஒரு பக்கம் போதும். எளிய ஆங்கிலத்தில் அமையட்டும். பெயர், தொலைபேசி எண், படிப்பு, பயிற்சி, கைவேலை, அனுபவம், மொழிகள் என்ற வரிசை நன்று. தமிழ், குஜராத்தி, இந்தி மூன்றும் பேசுவது வெளியூர்ப் பணிக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர்க்குப் பயன்படும். அதனை விடாது எழுதுக. ஆதார் எண்ணைத் தாளில் அச்சிட வேண்டா. அசல் சான்றிதழ்களைக் காட்டலாம். எவரிடமும் விட்டு வர வேண்டா. ஐ.டி.ஐ.யில் பயின்று தேறியோர் பெறும் தேசியத் தொழிற் சான்றிதழ் இந்தியா முழுதும் செல்லும். தமிழ்நாட்டில் பயின்று இங்கு வந்த பிள்ளையும் அதனைத் தயக்கமின்றிக் காட்டலாம். உடனே வேலை அமையாவிடின், 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் உதவித்தொகையுடன் தொழிற்சாலைப் பயிற்சி பெறுவதும் நல்வழியே.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தாள் எழுதி முடித்த அன்றிரவு பிள்ளையை எதிரே அமர்த்தி, ஒவ்வொரு வரியாகப் படித்து, 'இதை நாளைக் காலை செய்து காட்டுவாயா?' என்று கேளுங்கள். 'காட்டுவேன்' என்ற வரிகளை வைத்துக் கொள்ளுங்கள். மற்றவற்றை அடித்து விடுங்கள். எஞ்சுவது ஐந்தே வரியாயினும், சோதனைத் தகட்டின் முன் பிள்ளை நிமிர்ந்து நிற்க அவை போதும்.