நடக்காத சீனுக்கு ஒரு கிரீடம்!

ஒரு கேள்வி பாஸ். நாடகத்துல நடக்கவே நடக்காத ஒரு சீன், அந்த நாடகத்தோட அடையாளமா மாற முடியுமா?

முடியும்! 1888 கடைசியில லண்டன் லைசியம் தியேட்டர்ல ‘மேக்பெத்’. லேடி மேக்பெத்தா எலன் டெர்ரி. நிஜ வண்டுச் சிறகுகளைத் தைச்சு, பச்சையா மினுமினுக்கிற டிரெஸ். பார்த்த ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் அசந்துட்டார். மறு வருஷமே வரைஞ்சும் முடிச்சார். ரெண்டு கையாலயும் கிரீடத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க டெர்ரி. செம போஸ்! ஆனா, மேடையில அவங்க அப்படி நிக்கவே இல்லை. சார்ஜென்ட் சொந்தமா சேர்த்தது. அந்த டிரெஸ்ல டெர்ரியோட போட்டோக்களும் இருக்கு. ஆனாலும் ஜனங்க மனசுல நின்னது ஓவியம்தான்.

அப்போ அது பொய்யா? எனக்கு அப்படித் தோணலை. லேடி மேக்பெத் மனசுக்குள்ள இருந்த கிரீட ஆசையை, சார்ஜென்ட் அவங்க கைக்குக் கொண்டு வந்துட்டார். அவ்ளோதான்.

இன்னும் நூறு வருஷம் பின்னாடி போங்க. லண்டன் மேடையைக் கலக்கிட்டிருந்தவங்க சாரா சிடன்ஸ். 1784-ல ஜோஷுவா ரெனால்ட்ஸ் அவங்களை சோக நாடகத்தோட தேவதையாவே வரைஞ்சார். பெரிய சிம்மாசனம், முதுகுக்குப் பின்னால இருட்டுல ரெண்டு உருவங்கள்னு ஏக பில்ட்-அப். உட்கார்ந்திருக்கிற தோரணைகூட மைக்கேலாஞ்சலோவோட ஏசாயா தீர்க்கதரிசிகிட்டேருந்து சுட்டதுதான்! அடுத்த வருஷமே கெயின்ஸ்பரோ அதே சிடன்ஸை வரைஞ்சார். பெரிய கறுப்புத் தொப்பி, கோடு போட்ட நீல டிரெஸ்... பக்கா ஃபேஷன் லேடி. கேமரா இல்லாத காலம். எது நிஜ சிடன்ஸ்னு இப்போ யார்கிட்ட போய்க் கேக்கறது?

உல்டா கேஸும் உண்டு. பாரீஸ் பாடகி ஈவெட் கில்பெர்ட்டை துலூஸ்-லோத்ரெக் வரைஞ்ச விதமே வேற. மூக்கு, கழுத்து, நீளமான கறுப்புக் கையுறை எல்லாத்தையும் இழுத்து விட்டுட்டார். ‘இவ்வளவு அசிங்கமா வரையாதீங்க’ன்னு கில்பெர்ட் கெஞ்சினாங்க. அவர் போட்ட போஸ்டர் டிசைனையும் வேணாம்னுட்டாங்க. ஆனா அதே 1894-ல அவர் 16 படங்களோட ஆல்பம் போட்டப்ப, 100 பிரதியிலயும் கையெழுத்துப் போட்டதும் அவங்களேதான்! இன்னிக்கும் அந்தக் கறுப்புக் கையுறையைப் பார்த்தா போதும், ‘கில்பெர்ட்’னு சொல்லிடலாம்.

நம்ம ஊர் சினிமா பேனருக்கு வாங்க. ஸ்டில் போட்டோ மேல கட்டம் போட்டு, துணியில பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமா வரைவாங்க. நம்ம பாஷையில சொன்னா பிக்ஸல் மேட்டர்! ரோட்டுல போறவன் திரும்பிப் பார்க்கணும்னு கலரை அள்ளிப் பூசுவாங்க. ஹீரோ என்ன நிறமா இருந்தாலும் கன்னம் மட்டும் ரோஸ்தான். டிஜிட்டல் ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தூரிகைகளை ஓரங்கட்டிடுச்சு. ரோஸ் கன்னம் மட்டும் ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கும் செல்போன் ஃபில்டருக்கும் ஷிஃப்ட் ஆயிடுச்சு.

எனக்கு உறுத்தறது இதுதான். சார்ஜென்ட் டெர்ரிக்கு ஒரு கிரீடத்தைச் சேர்த்தார். லோத்ரெக் கில்பெர்ட்டோட கழுத்தை நீட்டினார். ரெண்டு பேருமே எதிர்ல இருந்த ஆளை உத்துப் பார்த்தாங்க. ஃபில்டர் யாரையும் பார்க்கறதில்லை. மருவை எடுக்குது, தழும்பை எடுக்குது, கறுப்பையும் எடுக்குது. பிளேஸ்மென்ட் சீசன்ல கிளாஸ் மொத்தத்தோட ரெஸ்யூமையும் ஒண்ணா அடுக்கிப் பாருங்க. அத்தனை பேரும் ஒரே கலர்ல சிரிப்பாங்க! கறுப்பா இருந்தா வேலை கிடைக்காதுன்னு நமக்கு யார் சொன்னாங்க? யாரும் சொல்லலை. கேக்காமலே நாமளே வெள்ளை அடிச்சுக்கறோம்.

அடுத்த தடவை பாஸ்போர்ட் சைஸ் எடுக்கப் போறப்ப சொல்லிப் பாருங்க: “அண்ணே, வெளிச்சம் கம்மின்னா சரி பண்ணிக்குங்க. என் கலரை மட்டும் விட்டுடுங்க.” அண்ணன் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்!