குழந்தை புட்டியில் இனிமேல் சிரப் ஊற்ற மாட்டோம்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து கடைசி வரைக்கும் படியுங்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்து அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. இரண்டரை வயசுப் பாப்பா ஒன்னு அப்பளத்தைக் கடிச்சதும் வாயைப் பிடிச்சிக்கிட்டு அழ ஆரம்பிச்சிட்டா. பார்த்தால், மேல் முன்பற்கள் நாலும் கறுத்து, பாதி கரைஞ்சு போயிருந்தது. "இவ மிட்டாய்கூட சாப்பிட மாட்டாண்ணே. ஜூஸ்தான் குடிப்பா. பழம்தானேன்னு கொடுக்கிறோம்"னு அம்மா சொன்னாங்க. சொல்லிட்டு பால் புட்டியை நீட்டினாங்க. "கொஞ்சம் சிரப் ஊத்துங்கண்ணே, அழுகை நிக்கும்."

ஊத்தப் போன கை அப்படியே நின்னுடுச்சு. அதே புட்டியில் எத்தனையோ வெள்ளிக்கிழமை ஊத்திக் கொடுத்தது நாங்கதான். அன்னைக்கு வெறும் தண்ணீர் ஊத்திக் கொடுத்தோம். பாப்பா தட்டிவிட்டா. அம்மா முகம் வாடிப்போச்சு. அந்த அம்மாவைக் குறை சொல்ல நாங்க யாரு? நாங்களே கொடுத்துப் பழக்கினதுதானே.

வீட்டுக்குப் போய் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாங்கள் கலக்கும் 40 லிட்டர் டிரம்முக்குச் சீனி மட்டும் 4 கிலோ. அப்படியென்றால் 100 மில்லிக்கு 10 கிராம். 250 மில்லி கப் ஒன்றில் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. ஒரு நாள் உணவில் கிடைக்கும் சக்தியில் இந்த மாதிரிச் சீனி பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதில் பாதியாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி சாப்பிடும் சின்னப் பிள்ளைக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு என்பதே 25 கிராம்தான். எங்கள் ஒரு கப்பிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. கடையில் விற்கும் இனிப்புப் பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால், நம் நாட்டு அரசாங்கம் 2019 ஜூலை முதல் வரி போடுகிறது. லிட்டருக்கு 40 சென்னில் ஆரம்பித்து 2025-இல் 90 சென் ஆகிவிட்டது. எங்கள் டிரம்மில் அந்த அளவைப்போல இரண்டு மடங்கு. கோயில் டிரம்முக்கு வரி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"சிரப் வேண்டாம், ஜூஸ் கொடுக்கலாமே" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஒரு பிள்ளை ஒரு ஆரஞ்சை உட்கார்ந்து சாப்பிட பத்து நிமிஷம் ஆகும். வயிறு நிறைந்தால் நிறுத்திக்கொள்ளும். அதே பிள்ளை மூன்று நான்கு ஆரஞ்சுப் பழத்துச் சாற்றை இரண்டு நிமிஷத்தில் குடித்துவிடும். நார் சக்கையோடு போய்விடுகிறது, இனிப்பு மட்டும் தங்குகிறது. அதனால்தான் பழச்சாற்றில் இருக்கும் இனிப்பையும் உலகச் சுகாதார நிறுவனம் சீனிக் கணக்கிலேயே சேர்க்கிறது. ஒரு வயதுக்குக் கீழ் ஜூஸே வேண்டாம், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-இல் சொன்னது. அதுவும் சீனி சேர்க்காத சுத்தமான சாற்றுக்குத்தான். பெட்டியில் பழப் படம் போட்டு வரும் எல்லாம் சாறு இல்லை.

புட்டி இன்னும் மோசம். வாயில் உள்ள கிருமிகள் சீனியை அமிலமாக மாற்றிப் பல்லைக் கரைக்கின்றன. கப்பில் ஒரே தடவை குடித்தால் கொஞ்ச நேரத்தில் எச்சில் வாயைச் சரிசெய்துவிடும். புட்டியை வைத்துச் சாயங்காலம் பூராவும் சப்பிக்கொண்டே இருந்தால் அதற்கு நேரமே இல்லை. வாயில் வைத்தபடி தூங்கினால் எச்சிலும் குறைந்துவிடும். பால் பல் விழுந்துதானே போகும் என்று விடாதீர்கள். அது விழுகிற வரைக்கும் பிள்ளை சாப்பிட வேண்டும், பேச வேண்டும், தூங்க வேண்டும். பின்னால் முளைக்கும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதுதான்.

இனிப்பு நீர் பற்றி நம்ம ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூன்று பேருக்கு அது இருந்தது. எல்லா இனத்தையும்விட நாம்தான் அதிகம். இனிப்பில்லாத தண்ணீரை வேண்டாம் என்று தள்ளும் பழக்கம் இரண்டு வயதிலேயே வந்துவிட்டால், ஐம்பது வயதில் மாற்றுவது லேசு இல்லை. எங்கள் வயசு ஆட்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

கூட்டத்தில் இதைப் பேசினபோது ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெறும் தண்ணி கொடுத்தா கோயில் கஞ்சத்தனம் பண்ணுதுன்னு சொல்வாங்கப்பா" என்றார். அவர் மனசு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் தைப்பூசத்துக்கு நாம் போடுவது தண்ணீர்ப் பந்தல். பேரிலேயே தண்ணீர் இருக்கிறது. தாகத்தைத் தீர்ப்பதுதான் புண்ணியம், அதில் சிவப்புக் கலர் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பிரசாதத்தில் நாங்கள் கை வைக்கவில்லை. ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டால் முடிந்தது. யாரும் அதைப் புட்டியில் போட்டு மூன்று மணி நேரம் சப்புவதில்லை. "ஒரு நாள்தானே" என்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை பூஜை, பிறந்தநாள் உபயம், புரட்டாசி சனி, நவராத்திரி எல்லாம் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

எங்கள் முடிவு இது. குழந்தைப் புட்டியில் இனிப்புத் தண்ணீர் ஊற்ற மாட்டோம். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் டிரம்மும் மோர் டிரம்மும் முன்னால் இருக்கும். சிரப் வேண்டும் என்கிற பெரியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், சீனியும் பாதியாகக் குறையும்.

உபயகாரர்களிடம் ஒரு வேண்டுகோள். பேக்கட் தண்ணீர் பெட்டி பெட்டியாக வாங்கும் காசுக்கு வாழைப்பழம், பப்பாளி, தர்பூசணி வாங்கிக் கொடுங்கள். நறுக்கிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

பெற்றோர்களுக்கு: ஆறு மாதம் வரை தாய்ப்பால் அல்லது குழந்தைகளுக்கான ஃபார்முலா பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகு தாகத்துக்குத் தண்ணீர். ஒரு வயதானதும் புட்டியிலிருந்து கப்புக்கு மெல்ல மாற்றுங்கள். பல்லில் வெள்ளைக் கோடோ கறுப்போ தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காமல் பல் கிளினிக்குக் கூட்டிப்போங்கள்.

அந்தப் பாப்பா போன வெள்ளிக்கிழமையும் வந்தாள். அம்மா புட்டி கொண்டுவரவில்லை, சின்னக் கப் ஒன்றை நீட்டினாங்க. தண்ணீர் ஊத்தினோம். பாதியைக் குடிச்சா, மீதியைத் தரையில கொட்டினா. எங்களுக்கு அந்தப் பாதி போதும்.

அன்புடன்,
கோயில் தொண்டர்கள்