காலடியில் கிடக்கும் வியப்பு

ஆக்டோபஸுக்கு இதயங்கள் மூன்று. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் நம்மைப் போல் எலும்புகள் ஏழே! இத்தகைய துணுக்குகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அறிந்த கண்ணுக்கே ஒரு பொருளின் மதிப்புத் தெரியும்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள். பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியொன்றில் நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பிறர் கண்ணுக்கு அது வெறும் சரளை. அவர் கண்ணுக்கோ ஆதிமனிதன் செதுக்கிய கருவி! அதே ஆண்டில் அவர் கண்ட மற்றோர் இடம், திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம். அங்குள்ள கற்கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கொரட்டூரில் நாம் ரயிலேறும் தடம், 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையைச் சேர்ந்தது. நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

நம் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றவர்கள், அந்த ஏரியை அறிந்த ஊர்மக்களே. அங்கு வரும் பறவைகளில் பத்தின் பெயரையேனும் நாம் சொல்ல முடியுமா?

மாணவ நண்பர்களே! தொலைதூர வியப்புகள் பத்தைப் படித்தால், உள்ளூர் வியப்பு ஒன்றையாவது தேடி அறியுங்கள். அறியாத ஒன்றை எவரும் காக்க முன்வருவதில்லை.