மேடம், எங்கம்மா சண்டே ஸ்பெஷல்... விஷம்!

போன வாரம் ஃப்ரெஞ்ச் கிளாஸ்ல செம கான்ஃபிடன்ட்டா எழுந்து நின்னு ஒரு மேட்டர் சொன்னேன். ‘‘ஞாயித்துக்கிழமை ஆனா எங்கம்மா விஷம் சமைப்பாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்!’’

கிளாஸே கப்சிப். மேடம் மட்டும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, ‘‘அப்புறம் எப்படிம்மா நீ திங்கட்கிழமை கிளாஸுக்கு வர்றே?’’ன்னாங்க.

விஷயம் இதுதான். நான் சொல்ல வந்தது மீன் குழம்பு. ஃப்ரெஞ்ச்ல மீனையும் விஷத்தையும் தமிழ்ல எழுதினா ரெண்டுமே ‘ப்வாஸோங்’தான். மீனுக்கு நடுவுல ரெண்டு ‘எஸ்’. பாம்பு சீறுற மாதிரி ‘ஸ்ஸ்’னு வரணும். விஷத்துக்கு ஒரே ‘எஸ்’. அது தேனீ ரீங்காரம் மாதிரி வரும். அந்த ரீங்காரத்துக்குத் தமிழ்ல எழுத்தே கிடையாது. எல்லா வாக்கியத்தையும் தமிழ்ல எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணின எனக்கு இது தேவைதான்!

‘‘இ.சி.இ. படிக்கிறவளுக்கு எதுக்குடி ஃப்ரெஞ்ச்?’’னு ஹாஸ்டல்ல கேக்காத ஆளில்லை. காரணம், எங்க சீனியர் அக்கா. மேல்படிப்புக்கு ஃப்ரான்ஸ் போனவங்க, முதல் வாரம் முழுக்க வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான் சாப்பிட்டாங்களாம். கையில யூரோ இருக்கு, வாயில வார்த்தை இல்லை. சூப்பர் மார்க்கெட்னா யார்கிட்டயும் பேச வேணாமே!

எட்டாம் நாள் தைரியமா ஒரு பேக்கரிக்குள்ள போய் ரொட்டி கேட்டிருக்காங்க. கடைக்கார அம்மா எடுத்துக் கொடுத்துட்டு, ‘ஏ அவெக் ஸஸி?’ன்னு கேட்டிருக்காங்க. அக்காவுக்குப் புரியலை. தலையை மட்டும் ஆட்டிட்டு நின்னாங்க. அந்தம்மாவும் நின்னாங்க. பின்னாடி க்யூவும் நின்னுச்சு! ‘வேற ஏதாவது வேணுமா?’ங்கிறதுதான் அந்தக் கேள்வி. ‘ஸே தூ, மெர்ஸி’ன்னு சொல்லியிருந்தா மேட்டர் ஓவர். ‘அவ்ளோதான், நன்றி’ன்னு அர்த்தம்.

அந்தக் கதையைக் கேட்டப்புறம்தான் கிளாஸ்ல சேர்ந்தேன். இதுவரைக்கும் நான் பல்பு வாங்கிக் கத்துக்கிட்டதெல்லாம் உங்களுக்கு ஃப்ரீ!

பசிக்குதா? இங்கிலீஷ் ‘ஐ ஆம் ஹங்ரி’யை அப்படியே மாத்தினா தப்பாயிடும். ‘ஜே ஃபேங்’னு சொல்லணும். அதாவது ‘என்கிட்ட பசி இருக்கு’. தாகம்னா, ‘ஜே ஸ்வாஃப்’. ‘எனக்குப் பசி’, ‘எனக்குத் தாகம்’னு பேசுற நமக்கு இது ஈஸிதானே? இங்கிலீஷ் வழியா சுத்திப் போனாதான் சிக்கல்.

கடைக்குள்ள நுழைஞ்சதும் முதல் வார்த்தை ‘போன்ஜூர்’. வணக்கம் சொல்லாம ‘ரொட்டி குடுங்க’ன்னு ஆரம்பிச்சா, அங்கே அது மரியாதைக் குறைவு. அடுத்தது ‘ஜ வூத்ரே’. ‘எனக்கு வேணும்’னு அதட்டாம, ‘கிடைச்சா நல்லாயிருக்கும்’னு பணிவாக் கேக்குறது. கடைசியில ‘ஸில் வூ ப்ளே’ன்னு ஒரு ப்ளீஸ்.

ஹோட்டல்ல ‘மெனு’ கேட்டா, நிர்ணயிச்ச விலையில ரெண்டு மூணு ஐட்டம் சேர்ந்த செட் சாப்பாடுன்னு அர்த்தம். ஐட்டம் லிஸ்ட் பார்க்கணும்னா ‘லா கார்த்’னு கேளுங்க. அமெரிக்காவுல ‘ஆந்த்ரே’ன்னா மெயின் டிஷ். ஃப்ரான்ஸ்ல அது முதல்ல வர்ற ஸ்டார்ட்டர். ‘ஊன் கராஃப் தோ’ன்னு கேட்டா, ஜாடியில குழாய்த் தண்ணி வரும். காசு கிடையாது. பாட்டில் தண்ணிக்குத்தான் பில்!

சைவப் பார்ட்டிகள் கவனிங்க. ‘நான் வெஜிடேரியன்’னு மட்டும் சொன்னா, ‘மீன் ஓகேதானே?’ன்னு கேக்குற ஆளுங்க உண்டு. ‘நி வியாந்த், நி ப்வாஸோங்’னு தெளிவா சொல்லிடுங்க. கறியும் வேணாம், மீனும் வேணாம். பாம்பு ‘ஸ்ஸ்’ முக்கியம்!

வயிறு நிறைஞ்சதும்தான் பெரிய கண்டம். ‘வயிறு ஃபுல்’லை அப்படியே மொழிபெயர்த்து, ‘ஜ ஸ்வி ப்ளென்’னு சொன்னேன். மேடம் சிரிச்ச சிரிப்புல பக்கத்து கிளாஸ் எட்டிப் பார்த்துச்சு. சினையா இருக்குற பசுவுக்குச் சொல்ற வார்த்தையாம் அது! பசங்க சொன்னா ‘ஃபுல் மப்பு’ன்னு அர்த்தம் வந்துடும். ‘ஜ நே ப்ளு ஃபேங்’, அதாவது ‘இனிமே பசி இல்லை’ங்கிறதுதான் டீசன்ட். கூடவே ‘ஸேத்தே த்ரே போங்’, ‘ரொம்ப நல்லா இருந்துச்சு’ன்னு சேர்த்துக்கோங்க. சமைச்சவங்க முகம் மலரும்.

2010-ல ஃப்ரெஞ்ச் விருந்து முறையையும், 2022-ல அவங்களோட பகெத் ரொட்டி செய்யற கலையையும் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியல்ல சேர்த்திருக்கு. சாப்பாட்டை அவ்வளவு சீரியஸா எடுத்துக்கிற ஊருக்கு, நாலு வார்த்தையாவது கத்துக்கிட்டுப் போறதுதானே மரியாதை?

எனக்கு அடுத்த மாசம் டெல்ஃப் ஏ1 பரீட்சை. மொத்தம் 100 மார்க், 50 எடுத்தா பாஸ். ஓரல்ல கடைக்குப் போய் சாமான் வாங்குற மாதிரி பேசிக் காட்டணும். தினமும் ராத்திரி ரூம்மேட்தான் கடைக்காரி. நேத்து ‘ஏ அவெக் ஸஸி?’ன்னு அவ கேட்டதும், யோசிக்காம ‘ஸே தூ, மெர்ஸி’ன்னுட்டேன். உடனே அக்காவுக்கு மெசேஜ் தட்டினேன். ‘நீ வாழைப்பழத்துல இருந்து தப்பிச்சே’ன்னு பதில் வந்துச்சு!

மெஸ் பெல் அடிச்சாச்சு. இன்னிக்கு மீன் குழம்பு. ‘ஸ்ஸ்’ போட்டுச் சொல்லிட்டேன்... நீங்களும் நல்லா சாப்பிடுங்க. போனப்பெத்தி!