தேய்ந்ததைத் திருத்தும் கைகள்

நுழையும்முன்

பழுதான பொருளை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவது இன்று இயல்பாகிவிட்டது. பழுதுநீக்கும் திறனும் ஓர் அறிவுச்செல்வமே என்பதைப் பழைய மகிழுந்தின் சிறிய உறுப்பொன்றைக் கொண்டு இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் எழுந்த மேரி கட்டடம், 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டு, 2021இல் அது திறக்கப்பட்டது. பழையதை மீட்டெடுப்பது பெருமைக்குரியது என்பதை நகரம் இவ்வாறு ஏற்றுக்கொண்டது. அப்பெருமை கட்டடங்களோடு நின்றுவிடலாகாது. பழைய அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் ஓடும் நிலையில் வைத்திருக்கும் கைத்திறனும் நம் மரபுச்செல்வமே.

தீப்பொறியைப் பகிரும் உறுப்பு

பழைய பெட்ரோல் மகிழுந்துகளில், உயர் மின்னழுத்தத்தை உரிய நேரத்தில் உரிய உருளைக்கு அனுப்பும் உறுப்பைப் பட்டறைகளில் ‘டிஸ்ட்ரிபியூட்டர்’ என்பர். தமிழில் தீப்பொறிப் பகிர்வி எனலாம். நான்கு உருளைகள் கொண்ட பொறி நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, பகிர்வி நொடிக்கு 100 தீப்பொறிகளைப் பிரித்தளிக்கிறது.

பகிர்வியின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் தண்டு ஆடத் தொடங்கும். ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகளுக்கு இடையே ஏறத்தாழ 0.4 மி.மீ. அளவில் இருக்கவேண்டிய இடைவெளி நிலைகொள்ளாது. தீப்பொறி முந்தியோ பிந்தியோ எழும், வண்டி திணறும், பெட்ரோல் வீணாகும், புகை மிகும். கடற்கரை நகரின் உப்புக்காற்றோ உலோக முனைகளை மேலும் அரிக்கும்.

இப்பழுதை வீட்டிலேயே பெரிதும் நீக்கலாம். பேட்டரி இணைப்பைத் துண்டித்து, பகிர்வி நிற்கும் நிலையைக் குறித்துக்கொண்ட பின்னரே அதனைக் கழற்ற வேண்டும். உள்ளிருக்கும் எடைகளையும் சிறு சுருள்வில்களையும் தூய்மை செய்து, தேய்ந்த புஷ்ஷை நீக்கி, எண்ணெயில் ஊறிய புதியதைப் பொருத்த வேண்டும். தண்டே தேய்ந்திருந்தால் கடைசல் பட்டறையை நாட வேண்டும். இறுதியாக, தொடுமுனைகளின் இடைவெளியை அளவுத்தகட்டால் அமைத்து, தீப்பொறி எழும் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். பொறுமையும் கூர்நோக்கும் இல்லாதவர்க்கு இவ்வேலை கைகூடாது.

கழற்றிக் கற்ற அறிவு

கோவையின் ஜி.டி. நாயுடு, இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டி இயந்திர நுட்பம் கற்றார். பின்னாளில் புதுமைகள் பல படைத்த அவரது அறிவுக்கு அக்கழற்றலே தொடக்கப்பாடமாக அமைந்தது. இன்றைய கருவிகள் பலவோ திறக்கவே இயலாதவாறு மூடப்பட்டுள்ளன. ஒரு பொருளைத் திறந்து பார்க்கும் வாய்ப்பை இழக்கும் தலைமுறை, அது இயங்கும் விதத்தை அறியும் வாய்ப்பையும் இழக்கிறது.

உலகம் இதனை உணரத் தொடங்கியுள்ளது. புதுச்சேரியின் வரலாற்றோடு தொடர்புடைய பிரான்சு, 2021 முதல் கைப்பேசி, மடிக்கணினி போன்ற பொருள்களில் பழுதுநீக்க எளிமையைக் குறிக்கும் மதிப்பெண்ணைப் பொறிக்கச் செய்தது. பழுதுநீக்கும் உரிமையை ஆராய இந்திய அரசு 2022இல் அமைத்த குழுவும், கவனம் செலுத்தவேண்டிய துறைகளுள் ஒன்றாக மோட்டார் வாகனங்களைச் சேர்த்தது.

மறுப்பும் விடையும்

பழைய வண்டிகள் காற்றை மாசுபடுத்துகின்றனவே எனச் சிலர் வினவக்கூடும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 தரத்திற்கு அவை ஈடாகா என்பது உண்மையே. நாள்தோறும் அவற்றிலேயே பயணிக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. ஆயினும், இயங்கும் வண்டியைச் செப்பமாக வைத்திருப்பது உரியவரின் கடமை. தேய்ந்த பகிர்வியைத் திருத்தினால், அதனால் மிகும் புகையும் குறையும்.

இத்தொழில் தெரிந்த மூத்த வினைஞர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவருகின்றனர். அவர்களது அறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாதது. கையிலிருந்து கைக்கு மாறுவது. அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, பழைய பகிர்வி ஒன்றை மாணவர் கையில் கொடுத்துக் கழற்றவும் பூட்டவும் செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கைத்தொழிலும் கல்வியே என்னும் மதிப்பு நம்மிடம் இருந்தால் போதும்.