டாக்டர் ஓட்டுன வண்டி சார்!

பழைய கார் கேட்டுப் போனால் புரோக்கர் வாயில் முதலில் வருவது இதுதான்: "டாக்டர் ஓட்டுன வண்டி சார், சிங்கிள் ஓனர்." கேட்கிற இடத்தில் எல்லாம் டாக்டர் வண்டிதான். தமிழ்நாட்டு டாக்டர்கள் ஆளுக்கு அரை டஜன் கார் வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு உதைக்காமல் இருக்கும்.

நான் கேட்பது அப்படியொன்றும் பெரிதில்லை. வார நாட்களில் ஆபீஸுக்கு ஓட்ட வேண்டும். டிராக் டே வைக்கிற ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் ஆசை தீர விரட்ட வேண்டும். சாயங்காலம் அதே வண்டியில், டோ வண்டி உதவியில்லாமல், வீடு வந்து சேர வேண்டும். நாலு லட்சத்துக்குள். சோழவரத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்து வளர்ந்த ஊர் சென்னை. 3.7 கிலோமீட்டர் டிராக் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோவைக்காரர்களுக்குச் செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே. ஓட்ட இடம் உண்டு. கைக்கு அடக்கமான விலையில் ஓட்டத் தகுந்த கார்தான் இல்லை.

இல்லை என்றால், இருந்ததை நிறுத்திவிட்டார்கள். ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ் போல ஸ்டீயரிங் பேசுகிற கார் அந்த விலையில் அபூர்வம். இதோ மறைமலை நகரில் செய்த கார். 2021-இல் கம்பெனி இந்தியாவில் கார் செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தது. இப்போது ஒரு சின்ன பாகத்துக்கும் கடை கடையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஃபியட் அபார்த் புன்டோவுக்கு 145 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஃபியட்டும் கடையைக் கட்டிவிட்டது. வைத்திருப்பவர்களோ குலதெய்வத்தைக் கொடுப்பதுபோல விலை சொல்கிறார்கள். பழைய ஹோண்டா சிட்டி விடெக்? இன்ஜின் இன்றைக்கும் பாடும். ஆனால் பதினைந்து வருடம் தாண்டிய வண்டி, ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா, அடியில் துரு எவ்வளவு என்று படுத்துப் பார்க்க வேண்டும்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ பற்றிச் சொன்னால் வயிறு எரியும். 105 குதிரைத்திறன், ஏழு கியர் இரட்டை கிளட்ச், காகிதத்தில் எல்லாம் அழகு. சந்தைக்கு வருகிறவற்றில் பல, யாரோ ஒரு தம்பி இன்ஜின் கம்ப்யூட்டரில் ரீமேப் போட்டு ஈ.சி.ஆரில் பிழிந்தெடுத்தவை. விற்கிற வாரம் மட்டும் பழைய மேப்பைத் திரும்பப் போட்டுவிடுவான். எண்ணெயில் ஓடாத உலர் கிளட்ச். சென்னை டிராஃபிக்கிலேயே சூடாகிற சாதனம். அதன் பூர்வ கதையை யாரிடம் கேட்பது?

என் ஆதங்கமே இங்கேதான். விற்கிறவர் பளபளப்பைக் காட்டுகிறார். எனக்கு வேண்டியது வண்டியின் வரலாறு. "பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டால் புரோக்கர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "புது சீட் கவர் சார், அலாய் வீல், டச் ஸ்கிரீன்!" ஐயா, டச் ஸ்கிரீன் வண்டியை நிறுத்துமா? டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்துவிட்டால் அது 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். டிராக்கில் நாலு சுற்று அடித்தால் அந்தச் சூடு சாதாரணம். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால், நேர்பாதை முடிகிற இடத்தில் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. டயரும் அப்படியே. ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கிறது. 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். அதைக் குனிந்து படித்தால், "பட்டன் நல்லா இருக்கே சார்" என்கிறார்கள். பட்டன் இருக்கிறது, ரப்பர் கல்லாகிவிட்டதே!

ஓடோமீட்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். முப்பதாயிரம் காட்டுகிற வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது. டாக்டர் பிரேக்கிலேயே நின்றுகொண்டு ஓட்டினார் போலும்.

இன்சூரன்ஸ் இன்னொரு வேடிக்கை. ரேஸ், வேகச் சோதனை இவற்றுக்குப் பாலிசி செல்லாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. டிராக்கில் சுவரில் மோதினால் செலவு நம் தலையில். அதனால்தான் சொல்கிறேன், இடித்தால் அழாமல் எழுந்து வரக்கூடிய விலையில்தான் வாங்க வேண்டும்.

சுற்றிச் சுற்றி வந்து நிற்பது மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோலில்தான். பின்னால் டிரம் பிரேக், இன்ஜினும் சாது. ஆனால் 2018-இல் வந்த மாடல் 900 கிலோகூட இல்லை. எடை குறைந்தால் டயர், பிரேக், கிளட்ச் எல்லாம் குறைவாகத் தேயும். பாகம் தெருமுனைக் கடையில் கிடைக்கும். மிச்சம் பிடிக்கிற பணத்தில் நல்ல பிரேக் பேடும் புது டயரும் போட்டுக்கொள்ளலாம். அதையாவது ஒழுங்காக விற்கிறார்களா என்றால், அதற்கும் சீட் கவர் புராணம்தான்.

கார் விற்கப் போகிற புண்ணியவான்களே, பாலிஷ் போடுகிற செலவை விடுங்கள். அழுக்கோடு கொண்டுவந்து நிறுத்துங்கள். சர்வீஸ் பில்களை மட்டும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள்; சொன்ன விலைக்கு மேலே பத்தாயிரம் கூட்டியே தருகிறேன்.