நெல் இல்லாத வயலுக்கு நெல் மானியம்

போன வாரம் காலை நிகழ்ச்சியில் நெல் மானியச் செய்தியை வாசித்து முடித்ததும் ஓர் அண்ணன் அழைத்தார். "தங்கச்சி, அந்தக் காசு நிலத்துக்கா, நட்டவனுக்கா?" அவ்வளவுதான் கேட்டார். விளம்பரத்துக்கு நேரமாகிவிட்டது. சிரித்துச் சமாளித்தேன். கேள்வி மட்டும் வீடு வரை கூடவே வந்தது.

அமெரிக்காவில் இதற்குப் பதில் சொல்ல ஓர் ஊரே இருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தில், ஹியூஸ்டனுக்குத் தென்மேற்கே உள்ள வார்ட்டன் கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. டெக்சஸ் என்றாலே நமக்கு மாடும் தொப்பியும்தான். ஆனால் அங்கே எல் காம்போ பக்கம் நெல் விளைகிறது.

1996-இல் ஒரு சட்டம் வந்தது. உங்கள் நிலத்தில் முன்பு எத்தனை ஏக்கர் நெல் விளைந்தது என்ற பதிவு இருந்தால் போதும், ஆண்டுதோறும் பணம். விலை ஏறினாலும் வரும், நடாவிட்டாலும் வரும். ஏழு ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும் என்றார்கள். 2002-இல் அடுத்த சட்டம் வந்து அதைத் தொடர வைத்தது. 100 பவுண்டு நெல்லுக்கு 2.35 டாலர், பதிவான பரப்பில் 85 விழுக்காட்டுக்கு. 100 ஏக்கர், ஏக்கருக்கு 4,000 பவுண்டு என்று பதிவு இருந்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 8,000 டாலர். வேடிக்கை என்னவென்றால், அங்கே புல் வளர்க்கலாம், மாடு மேய்க்கலாம். தக்காளி நட்டால் மட்டும் பொதுவாகப் பணம் கிடையாது!

அந்த வட்டாரத்தில் நெல் நட்டவர்கள் பலர் குத்தகைக்காரர்கள். குத்தகைக்காரர் நட்டால் மானியம் அவர் கைக்குப் போகும், அல்லது நில உரிமையாளரோடு பங்கு போடவேண்டும். அவரை அனுப்பிவிட்டு நாலு மாட்டை விட்டால் முழுப் பணமும் உரிமையாளருக்கே. விதை வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மழையை நினைத்துத் தூக்கம் கெடவேண்டாம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். ஆகவே அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கணக்கை அப்படி எழுதியது சட்டம்.

டெக்சஸ் நெல் பரப்பு பத்தே ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் ஏக்கரிலிருந்து 2 லட்சத்துக்கு இறங்கியது. எல்லாம் மானியத்தால் மட்டுமல்ல, செலவும் விலையும்கூடக் காரணம். ஆனால் நெல் போனால் குத்தகைக்காரர் மட்டும் போவதில்லை. நெல் உலர்த்தும் இடம், விதைக்கடை, டிராக்டர் பழுது பார்ப்பவர் என்று எல்லாருக்கும் வேலை குறையும். அவர்களுக்கு எந்த மானியமும் இல்லை.

2006-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளேடு கணக்குப் பார்த்தது. 2000-க்குப் பிறகு, விவசாயமே செய்யாதவர்களுக்குப் போன தொகை 130 கோடி டாலர். பழைய நெல் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருந்தவர்களுக்கும் காசோலை வந்திருக்கிறது. இந்த நேரடிப் பணம் 2014 சட்டத்தோடு நின்றது. பழைய ஏக்கர் பதிவு மட்டும் சாகவில்லை. விலை விழும்போது கொடுக்கும் இழப்பீட்டுக்கு அதைத்தான் இன்னும் பார்க்கிறார்கள்.

அண்ணே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் நெல் விலை மானியம் ஆலையில் எடை போட்ட நெல்லுக்கு. நட்டு, அறுத்து, கொண்டுபோனால்தான் காசு. உர மானியம் அப்படியில்லை, அது பதிவு செய்த பரப்பைப் பார்த்து வருவது. நீங்கள் குத்தகைக்கு நடுபவர் என்றால், அந்தப் பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி அழையுங்கள். இந்த முறை விளம்பரத்துக்கு முன்பே உங்களை எடுக்கிறேன்.